ஆளாளுக்குத் திருப்பிய குமிழ்

போடியில் அலுமினியத்தை ஒழுங்காக ஒட்டிக் காட்டியவன் நான்தான். மறுக்கிறவர்கள் பட்டறை வாசலுக்கு வந்து என் முகத்தைப் பார்த்து மறுக்கட்டும்.

மிளகு பறிக்கிற ஒற்றைக்கால் ஏணியை மூங்கிலில் இருந்து அலுமினியக் குழாய்க்கு மாற்றி மலைக்கு ஏற்றிவிட்டவன் நான். போடிமெட்டு மலைப் பாதையில் பாறை அடித்து, அடியில் ஆயில் தொட்டி பிளந்து, கயிறு கட்டி இழுத்து வரப்பட்ட ஜீப்புகளை வந்த வழியே திரும்ப ஏற வைத்தவன் நான். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற அண்டாவுக்கு அடி மாற்றினேன். கல்யாண மண்டபத்து இட்லிக் கொப்பரை, மருந்தடிக்கிற டேங்க், மோட்டார் மூடி, எது வந்தாலும் திருப்பி அனுப்பியதில்லை. ஐடிஐ வாசலை மிதித்ததில்லை. அஞ்சாம் வகுப்பு வாத்தியார் அடித்த அடியில் ஓடியவன் நேராக லேத் பட்டறையில் போய் நின்றேன். சொந்தக்காரன் ஒருத்தன்கூட ஒரு செங்கல் எடுத்துத் தரவில்லை. "இரும்பையே கோணலா ஒட்டுவான், இவன் அலுமினியம் ஒட்டப் போறானாம்" என்று சிரித்தவர்கள்தான் இன்றைக்கு உடைந்த சாமானைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறார்கள்.

இப்போது பட்டறைக்காரர்கள் சங்கம் ஒரு மலர் போடுகிறது. "புதுசா தொழிலுக்கு வர்ற பயகளுக்கு அலுமினியம் டிக் வெல்டிங் செட்டிங் பத்தி எழுதிக் குடுங்கண்ணே" என்று செயலாளர் வந்து கேட்டார். கூடவே, "ஒரு டேபிள் மாதிரி நம்பரா போட்டுட்டா வசதி" என்றார்.

நம்பர் கேட்கிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நம்பரில் வேலை ஆகுமென்றால் மெஷினோடு வந்த புத்தகமே வெல்டிங் அடித்துவிடுமே. நம்பருக்குப் பதிலாக ஒரு ஃபேனின் கதையைச் சொல்கிறேன். படித்துவிட்டு அப்புறம் நம்பர் கேளுங்கள்.

குமிழ்களுக்கு நான் வைத்த பேர்

இரும்பில் கை பழகினவனுக்கு அலுமினியம் ஏன் பிடிபடவில்லை என்றால், அதன் மேல் இருக்கிற தோல்தான் காரணம். காய்ச்சின பாலில் ஆடை படிகிற மாதிரி எந்நேரமும் ஒரு ஆடை அதன் மேல் இருக்கும். உள்ளே உலோகம் உருகி ஓடும். மேலே ஆடை அசையாது. ஆடை உருகுவதற்கு அதைவிடப் பல மடங்கு சூடு வேண்டும். "இன்னும் உருகலையே" என்று ஆம்பியரைக் கூட்டினால் திடுமென்று மொத்தமும் பொத்துக்கொண்டு காலில் விழும். என் இடது செருப்பைக் கேட்டால் சொல்லும்.

அதனால்தான் அலுமினியத்துக்கு ஏசி கரண்ட். ஏசி இரண்டு திசையிலும் மாறி மாறிப் பாயும். ஒரு திசையில் பாயும்போது ஆடையை உரிக்கும். மறு திசையில் பாயும்போது சூட்டை உள்ளே இறக்கும். எவ்வளவு உரிக்க, எவ்வளவு இறக்க என்று பங்கு பிரிக்கிற குமிழுக்கு மெஷினில் 'பேலன்ஸ்' என்று இங்கிலீசில் எழுதியிருக்கிறது. எனக்கு இங்கிலீசு வாசிக்க வராது. அதனால் நானே பேர் வைத்தேன். ஆம்பியர் குமிழ் 'அடுப்பு'. பேலன்ஸ் 'உரிப்பான்'. நெருப்பை ஒடுக்கிக் கூராக்குகிற ஃப்ரீக்வென்சி குமிழ் 'கூர்'. முடிக்கும்போது கரண்ட்டைச் சட்டென்று நிறுத்தாமல் மெல்லக் குறைத்துக்கொண்டு வருகிற குமிழ் 'வால்'. நெருப்பு அணைந்த பிறகும் சூட்டு இடத்தின் மேல் ஆர்கான் கேஸைக் கொஞ்ச நேரம் ஊதிப் போர்த்திவிடுகிற குமிழ் 'போர்வை'.

இன்றைக்குப் போடியில் பாதிப் பட்டறையில் "வாலை நீட்டி வையிடா" என்று சத்தம் கேட்கிறது. அது யார் சொல் என்று அந்தப் பயல்களுக்குத் தெரியாது. போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

ஃபேன் வந்தது

ஏலத்தோட்டங்களில் காய் எடுப்பு மும்முரமாக இருந்த மழை நாள். காலையில் பட்டறையைத் திறந்து சாம்பிராணிகூடப் போடவில்லை, காதர் மைதீன் ஜீப்பைக் கொண்டுவந்து வாசலை அடைத்து நிறுத்தினான். மெட்டுக்கு மேலே ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் வைத்திருக்கிறவன். முறை வைத்து என்னை மாமா என்பான். அவனோடு இறங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஸ்டோரில் அடுப்பு எரிக்கிற குட்டப்பன், மலையாளத்துக்காரர், எத்தனையோ வருஷமாக இந்த மலையிலேயே கிடக்கிறவர். இன்னொருத்தி செல்லத்தாயி. பக்கத்து ஊர் சிலமலைக்காரி. மலையில் ஒரு துண்டு ஏலக்காட்டைக் குத்தகைக்குப் பிடித்து, தானே மருந்தடித்து, தானே காய் எடுத்து, காதர் ஸ்டோரில் உலர்த்தி வாங்கிப் போகிறவள்.

ஜீப்புக்குப் பின்னாலிருந்து இறங்கியது ஃபேன். அலுமினியத்தில் வார்த்தது, ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற அகலம். அடுப்புச் சூட்டைக் காய்த் தட்டுகளுக்குள் தள்ளுகிற ஃபேன். தண்டு மாட்டுகிற நடுக்குடத்தில் இருந்து ஒரு இறக்கை வரைக்கும் விரிசல்.

"மாமா, வெடிச்சுப் போச்சு."

"வெடிச்சுப் போச்சா, வெடிக்க விட்டியா? சத்தம் மாறுச்சுன்னு போன மாசமே நீ சொன்னேல்ல? அப்பவே கழட்டிக் கொண்டான்னு நான் சொன்னேனே."

"காய் எடுப்புல எங்க மாமா கழட்ட?"

"இப்ப எங்க கழட்டுன? அதுவாக் கழண்டுகிருச்சு."

புது ஃபேன் வார்த்துத் தர கம்பெனிக்காரன் வாரக்கணக்கு சொல்லியிருக்கிறான். பக்கத்து ஸ்டோர்களில் ஒரு தட்டு இடமில்லை. எல்லாருக்கும் அதே எடுப்பு, அதே மழை. விஷயம் என்னவென்றால், பச்சைக் காயைப் பறித்துக் குவித்துப் போட்டு வைக்க முடியாது. உள்ளுக்குள் புழுங்கும். பச்சை நிறம் போய் மஞ்சளடிக்கும். ஏலத்தில் கையில் அள்ளிப் பார்க்கிறவன் அப்படியே கொட்டிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விடுவான். செல்லத்தாயியின் ஒரு எடுப்பு முழுக்க, முந்தின நாள் பறித்தது, ஸ்டோர் தரையில் கிடந்தது.

"ரெண்டு பொம்பளையாள விட்டுக் கிண்டிக்கிட்டே இருக்கச் சொல்லிருக்கேன்ணே, உப்புமா கிண்டுற மாதிரி. இன்னைக்குப் பொழுது எறங்குறதுக்குள்ள காத்து வரணும். வரலைன்னா நான் குத்தகைக்காரரு மூஞ்சில முழிக்க முடியாது, காட்டைப் புடுங்கிக்கிருவாரு. இந்தா இங்கனதேன் உக்காந்திருப்பேன்."

சொன்னபடியே பட்டறை வாசலில் ஒரு காலி டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஃபேனைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டோர் சாமான் என்றால் கரியும் பிசினும் காய்த் தோலும் அப்பிக்கொண்டு வரும். சுரண்டவே அரை நாள் போகும். இது கழுவித் துடைத்து, சாம்பல் நிறத்தில், மழமழவென்று வந்திருந்தது. பரவாயில்லையே, புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். அங்கேதான் வினை உட்கார்ந்திருந்தது.

மிளகுத்தூள்

விரிசலை லேசாகத் தோண்டி, துருப்பிடிக்காத கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வழக்கமான செட்டிங்கில் நெருப்பைத் தொட்டேன். நல்ல அலுமினியம் உருகினால் பாதரசம் மாதிரி பளபளவென்று ஒரு குட்டை நிற்கும். இங்கே வந்ததோ பழங்கஞ்சி. கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது. விரிசலை அடைக்க உருக்குகிற ராடைக் கொடுத்தால் ஒட்டாமல் உருண்டு ஓடியது. அணைத்துவிட்டுப் பார்த்தால் ஆம்லெட்டில் மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளி, ஊசித் துளை.

தேய்த்துவிட்டு மறுபடி. மறுபடியும் அதே.

இந்த இடத்தில் ஒரு பட்டறைக்காரனுக்குத் தேவை அமைதி. கிடைப்பது ஆலோசனை. எதிர் டீக்கடைக்காரர் கிளாஸோடு வந்து, "கரண்ட்டு பத்தலையோ?" என்றார். குட்டப்பன், "சேட்டா, கேஸ் தீர்ந்நோ?" என்றார். காதர் யாரையும் கேட்காமல் மெஷின் விற்ற கடையின் சர்வீஸ் எஞ்ஜினியருக்குக் கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, சத்தமாக வைத்து, என் காதுக்குப் பக்கத்தில் நீட்டினான்.

"சார், ஏசி பேலன்ஸ் எவ்வளவுல வச்சிருக்கீங்க?"

"உரிப்பான் பாதிக்கு மேல நிக்குது."

"எது சார்?"

"உரிப்பான். அடுப்புக்கு வலப்பக்கம் இருக்குல்ல, அது."

"சார், நான் அடுப்பு கம்பெனி இல்லை" என்றார்.

பாவம், நல்ல மனுசன்தான். விளக்கிச் சொன்னதும் பிடித்துக்கொண்டார். "கறுப்பா வருதுன்னா கிளீனிங் கொஞ்சம் கூட்டிப் பாருங்க சார், கேஸ் லீக் இருக்கான்னும் பாத்துருங்க" என்றார். ஃப்ரீக்வென்சி என்றும் ஏதோ சொன்னார். தப்பான பேச்சு இல்லை. கிளீனிங் என்றால் என் உரிப்பான்தான், கூட்டினேன். கூட்டினால் என்ன ஆகும்? உரிக்கிற பங்கு கூடக் கூடச் சூடு சாமானுக்குப் போகாமல் டார்ச்சில் இருக்கிற டங்ஸ்டன் குச்சிக்கே திரும்பும். முனை சுண்டைக்காய் மாதிரி வீங்கியது. பொட்டென்று ஒரு சொட்டு குட்டைக்குள் விழுந்தது. இப்போது கரியோடு டங்ஸ்டனும் சேர்ந்தாயிற்று. தோண்டு, தேய், புதுக் குச்சி மாட்டு.

மறுபடி ஹெல்மெட்டை இறக்கி நெருப்பைத் தொட்டேன். நடுவில் சத்தம் மாறியது. என் மெஷினின் இரைச்சல் எனக்குத் தெரியும். வண்டாக ரீங்கரித்தது, கொசு மாதிரி கீச்சென்று ஆனது. நெருப்பு ஊசியாக ஒடுங்கிவிட்டது. ஹெல்மெட்டைத் தூக்கினேன். காதரின் கை மெஷின் மேல் இருந்தது.

"என்ன மாப்ளே பண்ற?"

"இல்ல மாமா, போன்ல அவரு ஃப்ரீக்வென்சின்னு ஏதோ சொன்னாரு. ஒங்களுக்குக் கண்ணு மூடியிருந்துச்சா, சரி, நம்மளே ஒத்தாசையா இருப்போம்னு..."

"எதைத் திருப்புன?"

"இதைத்தேன். இதையும் லேசா."

"ரெண்டா?"

"மூணாவதத் தொட்டேன். ஆனா திருப்பல மாமா. சத்தியமா."

வாசலில் இருந்து செல்லத்தாயி குரல் கொடுத்தாள்: "ரெண்டு பேரும் சேந்து ரேடியோவுல ஸ்டேஷன் பிடிக்கிறீகளா? எங் காயி அங்க வெந்துக்கிட்டு இருக்கு."

எனக்கு வந்த கோபத்தில் டார்ச்சை எறிந்திருப்பேன். டார்ச் என்னுடையது என்பதால் எறியவில்லை. சாக்பீஸ் எடுத்து மெஷினைச் சுற்றித் தரையில் ஒரு கோடு போட்டேன். "இந்தக் கோட்டைத் தாண்டி எவன் காலை வச்சாலும், அந்தக் காலையும் சேத்து வெல்டிங் அடிச்சிருவேன்" என்றேன். டீக்கடைக்காரர் மரியாதையாக இரண்டு அடி பின்னால் போனார்.

மெஷின் மேல் பழி இல்லை

தம்பிகளா, இங்கே கவனியுங்கள். நீங்கள் செய்கிற தப்பு எல்லாம் இந்த இடத்தில்தான். வெல்டிங் கறுத்தால் கை தானாகக் குமிழுக்குப் போகிறது. ஒன்றைத் திருப்புவீர்கள், அது சரியாகாது. அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவராமலே இரண்டாவதைத் திருப்புவீர்கள். கொஞ்ச நேரத்தில் மெஷின் எங்கே நிற்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, அதைச் செய்தவனுக்கும் தெரியாது.

நான் எல்லாக் குமிழையும் என் வழக்கமான இடத்துக்குத் திருப்பி வைத்தேன். சிலிண்டரில் இருந்து டார்ச் வரை டியூபைத் தடவிப் பார்த்தேன், மூட்டுகளில் சோப்பு நுரை வைத்துப் பார்த்தேன். கேஸ் எங்கும் ஒழுகவில்லை. எர்த் கிளாம்பு இறுக்கமாக இருந்தது. பழைய ஜீப்பின் அலுமினிய கியர் மூடித் துண்டு ஒன்று கிடந்தது. அதைத் தேய்த்து, ஒரு குமிழையும் தொடாமல், அதே செட்டிங்கில் ஒரு கோடு இழுத்தேன். மீன் செதில் அடுக்கினது மாதிரி பளபளவென்று ஓடியது.

"இந்தா பாரு" என்று காதரிடம் காட்டினேன். "மெஷினுக்கு ஒண்ணுமில்ல. எனக்கும் ஒண்ணுமில்ல. ஓஞ் சாமானுக்குத்தேன் என்னமோ பிடிச்சிருக்கு."

விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் தேய்த்தேன். வழவழவென்று வழுக்கியது, சோப்பைத் தொட்ட மாதிரி. அலுமினியம் வழுக்கக் கூடாது. மெதுவாகக் குட்டப்பன் பக்கம் திரும்பினேன்.

"இதை எதுல கழுவுனீரு?"

"நல்ல விருத்தியாக் கழுகிட்டுத்தான் சேட்டா கொண்டுவந்நது" என்றார் பெருமையாக. "ஒரு அழுக்கும் இல்லா."

"சுத்தமாத்தேன் இருக்கு. எதுல கழுவுனீருன்னு கேட்டேன்."

குட்டப்பன் காதரைப் பார்த்தார். காதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: "நாந்தேன் மாமா சொன்னேன். ஒங்களுக்கு அழுக்கு ஆகாதுல்ல, வையிவீகள்ல. அதேன் காய் முக்குற தொட்டில போட்டு ராவெல்லாம் ஊற வச்சோம்."

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பச்சைக் காயைத் தட்டில் பரப்புவதற்கு முன்னால் சலவை சோடா உப்பு கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுப்பார்கள். உலர்ந்த பிறகும் பச்சை நிறம் நிற்கும். மலையில் எந்த ஸ்டோருக்குப் போனாலும் அந்தத் தொட்டி இருக்கும். காய்க்குக் கொஞ்ச நேரம் சரி. அலுமினியத்தை அதில் ராத்திரி முழுக்கப் போட்டால்? சோடா அதைத் தின்னும். மேலே சாம்பல் மாதிரி ஒரு படிவம் நிற்கும். வார்த்த அலுமினியத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத பொந்துகள் உண்டு. விரிசலிலும் பொந்திலும் சோடாத் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும். நெருப்பை வைத்ததும் கொதித்துக்கொண்டு வெளியே வரும். அதுதான் என் பழங்கஞ்சி, அதுதான் மிளகுத்தூள்.

"மாப்ளே, ஃபேனுக்கும் பச்சை நெறம் வரட்டும்னு முக்குனியா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் செல்லத்தாயி டிரம்மை விட்டு எழுந்துவிட்டாள். "அடப் பாவி மனுசா! போன எடுப்புல எங் காய முக்கச் சொன்னப்ப, தொட்டில தண்ணி இல்லன்னு சொல்லித் திருப்பி விட்ட. ஃபேனுக்கு மட்டும் ராவெல்லாம் ஊறலா?"

"ஆத்தா, அது வேற தொட்டி..."

"எந்தத் தொட்டியா இருந்தா என்ன, ஒன்னையத் தூக்கி முக்கணும்."

வினிகரும் சோப்பும்

சோடாவை முறிக்கப் புளிப்பு வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ரைடு ரைஸ் கடைக்குக் குட்டப்பனை விரட்டி வினிகர் கொண்டுவரச் சொன்னேன். ஊற்றினதும் விரிசலுக்குள் இருந்து குமுகுமுவென்று நுரைத்தது. நுரை நிற்கிற வரை ஊற்றினேன். அப்புறம் டீக்கடை பாய்லரில் இருந்து சுடுதண்ணீர், குடம் குடமாக. விரலுக்கு வழவழப்பு போகிற வரை விடவில்லை. பட்டறை முழுக்க ஃப்ரைடு ரைஸ் வாசம்.

பிறகு விரிசலைத் தயங்காமல் அகலமாகத் தோண்டினேன். அலுமினியத்துக்கு என்று தனியாக வைத்திருக்கிற கட்டரால். இரும்பு தேய்த்த கல்லை அலுமினியத்தில் வைக்கிறவனை நான் பட்டறைக்குள் விடுவதில்லை. கறுப்பு போய் வெள்ளை உலோகம் தெரிந்தது. அப்புறம் கேஸ் அடுப்பு நெருப்பால் குடம் முழுவதையும் மெல்லச் சூடேற்றி ஈரத்தை விரட்டினேன்.

எவ்வளவு சூடு? மீட்டர் இல்லை. வெல்டிங் விழாத பின்பக்கத்தில் துணி சோப்பால் ஒரு கோடு போட்டுவிடுவேன். கோடு பழுப்பாக மாறினால் போதும். கரியாக மாறினால் அதிகம். காதர் கோட்டுக்கு வெளியே நின்றபடி, "சூடாயிருச்சு மாமா, சூடாயிருச்சு மாமா" என்று பதினெட்டாம்படிக்குச் சரணம் போடுகிற மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தான். சோப்பு பழுப்பாகிற வரை நான் அசையவில்லை.

அதற்கப்புறம்தான் மெஷினுக்கு வந்தேன். உரிப்பானை மட்டும் வழக்கத்தைவிட ஒரு மயிரிழை உரிக்கிற பக்கம் திருப்பினேன், பழைய வார்ப்பு என்பதால். தனித் துண்டில் தொட்டுப் பார்த்தேன், குச்சி வீங்கவில்லை. அடுத்து வாலை நீட்டினேன். சட்டென்று நிறுத்தினால் முடிக்கிற இடத்தில் குழி விழுந்து அங்கேயே புது விரிசல் பிறக்கும். மறுபடி தொட்டுப் பார்த்தேன். போர்வையைக் கூட்டினேன். ஒன்றைத் திருப்பு, பார், அப்புறம் அடுத்தது. சிலிக்கான் கலந்த ராடு எடுத்தேன். விரிசலின் இரண்டு முனையிலும் பொட்டு வைத்து, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் போட்டேன். ஒரே மூச்சில் இழுத்தால் சூடு ஒரு பக்கமாக இழுத்து இறக்கை கோணிவிடும்.

குட்டை பாதரசமாக நின்றது. ராடு நுனி பட்டதும் உள்ளே வழுக்கிப் போனது. வண்டு ரீங்கரித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

ஹெல்மெட்டைத் தூக்கினதும் காதர் கையில் ஒரு வாளி. "தண்ணி ஊத்தி ஆத்திருவோமா மாமா? வெரசாப் போயிரலாம்."

நான் திட்டுவதற்கு வேலையே வைக்கவில்லை செல்லத்தாயி. "அதை ஊத்துன, அடுத்த வாளிய ஓந்தலையில ஊத்துவேன்" என்று வாளியைப் பிடுங்கி, ஃபேன் மேல் காய்ந்த சாக்கை அவளே மூடினாள். தானாக ஆற வேண்டும். அவளுக்கு அவ்வளவு அவசரம் இருந்தும், சாக்குக்குப் பக்கத்தில் டிரம்மைப் போட்டு உட்கார்ந்து காவல் காத்தாள். அன்றைக்குப் பட்டறையில் புத்தியோடு இருந்த வாடிக்கையாளர் அவள் ஒருத்திதான்.

ஆறினதும் இரண்டு ஆங்கிள் பட்டைகளை மட்டம் பார்த்து வைத்து, தண்டில் ஃபேனை மாட்டி உருள விட்டேன். எடை கூடின பக்கம் கீழே வந்து நிற்கும். அங்கே கொஞ்சம் அரம் போடு, மறுபடி உருட்டு.

"ஓட்டிப் பாத்தாத் தெரிஞ்சிரும்ல மாமா" என்றான் காதர்.

"தெரியும். ஓடுறப்பப் பிச்சுக்கிட்டு வந்தா மொதல்ல குட்டப்பனுக்குத் தெரியும். அவருதேன் அது முன்னால உக்காந்து வெறகு தள்ளுறவரு."

குட்டப்பன் சட்டென்று, "சேட்டா பதுக்க மதி, பதுக்க மதி" என்றார். மெதுவாகச் செய்தால் போதும் என்கிறார். எந்தப் பக்கமாக விட்டாலும் ஃபேன் விட்ட இடத்திலேயே நிற்கிற வரை அரம் போட்டேன்.

மேலே

நானும் ஜீப்பில் ஏறினேன். மாட்டுவதை இவர்களை நம்பி விட்டால் சுத்தியலால் அடித்து ஏற்றுவார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் செல்லத்தாயி ஃபேனைப் பிள்ளை மாதிரி மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். மெட்டுக்கு மேலே பனி இறங்கிவிட்டிருந்தது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது.

ஸ்டோர் தரையில் காய் விரித்துக் கிடந்தது. இரண்டு பெண்கள் குனிந்து கையால் புரட்டிக்கொண்டே இருந்தார்கள்; ஒருத்தி நிமிர முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். செல்லத்தாயி ஓடிப்போய் குவியலுக்குள் கையை விட்டாள். "சூடு ஏறியிருக்கு" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

மாட்டினேன். போல்ட்டு ஒவ்வொன்றையும் என் கையால் முறுக்கினேன். குட்டப்பன் அடுப்பை மூட்டினார். எல்லாரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டு பேரிங் மேல் கை வைத்து நின்றேன். ஃபேன் சுற்ற ஆரம்பித்து, வேகம் எடுத்து, முழு ஓட்டத்துக்கு வந்தது. கையில் அதிர்வு இல்லை. குடம் ஒரே சீராக இரைந்தது.

செல்லத்தாயி காய்த் தட்டுக்கு மேலே உள்ளங்கையை நீட்டி நின்றாள். அப்புறம், "வருதுண்ணே" என்றாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அடியில் கிடந்த கொஞ்சம் காய் வெளுத்துத்தான் போயிற்று. மற்றது அத்தனையும் பச்சை நிறம் மாறாமல் உலர்ந்து இறங்கியது. ஏலத்துக்குப் போய் வந்து அவளே பட்டறைக்கு வந்து சொன்னாள். குத்தகைக் காடு அவள் கையில்தான் இருக்கிறது.

செட்டிங் கேட்டவர்களுக்கு

ஆக, பாடம் இதுதான். சாமான் உங்கள் மேஜைக்கு வந்தால் குமிழைத் தொடாதீர்கள். "நேத்து ராத்திரி இது எங்கே கிடந்துச்சு?" என்று முதலில் கேளுங்கள். மண்ணெண்ணெயிலா, சாணிப்பாலிலா, சோடாத் தொட்டியிலா? அப்புறம் கேஸ், எர்த், பிரஷ். அப்புறம் தனித் துண்டில் ஒரு கோடு. அத்தனையும் சரி என்றால் ஒரே ஒரு குமிழ். திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்தது. சுற்றி நிற்கிறவனுக்கு சாக்பீஸ் கோடு.

இனி என் விஷயம்.

அந்த ஃபேன் இப்போதும் ஓடுகிறது. மெஷின் விற்ற கடைக்காரர் அதைப் படம் எடுத்து, தங்கள் மெஷின் போட்ட வெல்டிங் என்று எல்லாருக்கும் போனில் அனுப்பிக்கொண்டிருக்கிறார். மெஷின் தானாக நடந்துபோய் வெல்டிங் போட்டதா? அது போதாதென்று ஃபேனுக்கு முன்னால் ஒரு கம்பி வலை செய்து மாட்டி, 'உபயம்' என்று தன் கடைப் பேரைச் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறார். ஏலக்காய் விவசாயிகள் கூட்டத்தில் காதர் எழுந்து, கோயம்புத்தூர் எஞ்ஜினியர் போனிலேயே சரிபண்ணிக் கொடுத்தார் என்று பேசியிருக்கிறான். ஃப்ரைடு ரைஸ் கடைக்காரன், "என் வினிகர் இல்லைன்னா அன்னைக்கு ஒரு ஸ்டோரே போயிருக்கும்" என்று சாப்பிட வருகிறவனிடம் எல்லாம் சொல்கிறான். செல்லத்தாயி ஒருத்திதான் கேட்கிறவர்களிடம் என் பேரைச் சொல்கிறாள். அவள் சொன்னால் எத்தனை பேர் கேட்பார்கள்?

நான் வேறு எதுவும் கேட்கவில்லை. சங்கத்துக்கு இரண்டு காரியம் சொல்கிறேன். மலரில் அந்த ஃபேன் படம் போடுவதாகச் சொன்னீர்கள். படத்துக்குக் கீழே, படித்துப் புரிகிற எழுத்தில், "இந்த விரிசலை அடைத்து, எடை சரிபார்த்து, மேலே கொண்டுபோய் மாட்டியது போடி பட்டறை கருத்தப்பாண்டி" என்று போட வேண்டும். இடம் போதவில்லை என்றால் படத்தைச் சின்னதாக்குங்கள், பேரைச் சின்னதாக்காதீர்கள்.

காதர் மாப்ளே, நீ இதை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அந்த வலையில் 'உபயம்' என்று எழுதியிருக்கிறதுக்கு மேலே இன்னும் ஒரு சாண் இடம் காலியாக இருக்கிறது. பெயிண்ட் என் பட்டறையில் இருக்கிறது. இந்த வாரம் எழுதி முடி. எழுதுகிறவன் வரவில்லை என்றால் நானே ஜீப்பேறி வந்து எழுதுவேன். என் பேரை எழுதுகிற அளவுக்கு எனக்குப் படிப்பு இருக்கிறது.